"நிராகரிக்கப்பட்டது"ன்னு வந்தா அதோட முடியல: மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு மேல்முறையீடு செய்வது எப்படி?

(நம்ம தகவல் தொழில்நுட்ப அணியின் ஞாயிற்றுக்கிழமை இணையவழிப் பயிற்சியில் பேசியதன் எழுத்து வடிவம். கலந்துக்க முடியாத தோழர்கள் கேட்டதால முழுசா பதிவிடுறோம். சேமிச்சு வெச்சுக்குங்க, பூத் பொறுப்பாளர்களுக்கு அனுப்புங்க.)



முதல்ல ஒரு சின்னக் கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.79 லட்சம் பேர். அப்போ மாநிலத்தோட மக்கள்தொகை 7.21 கோடி. வகுத்துப் பாருங்க, ஆயிரம் பேருக்கு 16 பேர் வரும். அதுவும் அன்னைக்கு எட்டு வகைக் குறைபாடுகளைத்தான் எண்ணினாங்க. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைகளைச் சொல்லுது. அப்படின்னா 16-ங்கறது குறைஞ்சபட்சக் கணக்கு.

உங்க பூத்துக்கு ஆயிரம் பேர்னு வெச்சுக்குங்க. எந்த வீட்டுல எத்தனை ஓட்டு, யாரு வெளியூர்ல இருக்காங்க, யாரு பேரு விட்டுப்போச்சு, எல்லாம் நமக்கு மனப்பாடம். இந்த 16 வீடு எதுன்னு தெரியுமா? அதுல எத்தனை பேருக்கு உதவித்தொகை வருது, எத்தனை பேருக்கு மனு திரும்பி வந்துச்சுன்னு தெரியுமா?

மனு திரும்பி வந்த வீட்டுல என்ன நடக்கும்னு நீங்களே பார்த்திருப்பீங்க. போன்ல ஒரு எஸ்எம்எஸ் வரும்: "தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது." அந்தம்மா ஆட்டோ பிடிச்சு ஆபீசுக்குப் போவாங்க. கவுன்ட்டர்ல, "உங்களுக்கு வராதும்மா"ன்னு ஒரு வரி. வீட்டுக்கு வந்து அந்தக் காகிதங்களை மஞ்சப்பையில போட்டு பீரோ மேல வெச்சிடுவாங்க. அவ்வளவுதான். அஞ்சு வருஷம் கழிச்சு நாம ஓட்டுக் கேட்டுப் போகும்போது, "எதுக்குப்பா, எனக்கு எதுவும் வராதுன்னு சொல்லிட்டாங்க"ம்பாங்க.

அந்த மஞ்சப்பையை மறுபடி எப்படித் திறக்கறதுங்கறதுதான் இன்னைக்குப் பேச்சு.

ஒண்ணை மட்டும் மனசுல பதிச்சுக்குங்க: ஏன் நிராகரிச்சாங்கங்கற காரணத்தை எழுத்துல வாங்குங்க. காரணம் கையில இருந்தாத்தான் எந்தக் கதவைத் தட்டணும்னு தெரியும்.

இது தானம் இல்ல, சட்டம்

மேல்முறையீடுன்னு சொன்னதும் நம்ம ஆளுங்களே, "அரசாங்கம் கொடுக்கறதைக் கொடுக்கட்டும், சண்டை போடவா முடியும்"னு கேக்கறாங்க. அதனால இதை முதல்ல தெளிவு பண்ணிடறேன்.

2016 சட்டத்தோட 24-வது பிரிவு சமூகப் பாதுகாப்பு பத்தினது. மத்தவங்களுக்கு இருக்கற அதே மாதிரித் திட்டத்துல கொடுக்கற தொகையைவிட மாற்றுத்திறனாளிக்குக் குறைஞ்சது 25 சதவீதம் அதிகமா கொடுக்கணும்னு அதுல இருக்கு. 2023-ல் தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1,200 ரூபாய் ஆச்சு. மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 1,500 ரூபாய் ஆச்சு. 1,200-ல் 25 சதவீதம் எவ்வளவு? 300. கூட்டினா 1,500. சட்டம் சொல்ற அளவுக்குச் சரியா வந்து நிக்குது. ஒரு ரூபாய் குறைஞ்சிருந்தாலும் சட்டமீறல்.

இப்படி சட்டத்துல எழுதின தொகையைக் கேக்கறவர் கையேந்தி நிக்கறவர் இல்ல. நீங்க துணைக்குப் போகும்போது, "ஐயா பார்த்துச் செய்யுங்க"ன்னு கும்பிட வேண்டிய அவசியமும் இல்ல. மரியாதையா, காகிதத்தோட, நேரா நின்னு பேசுங்க.

எழுத்துல வாங்கு, தேதியோட வாங்கு

ஊனத்தின் அளவுக்குச் சான்றிதழ் கேட்டு மனு கொடுத்தவருக்குத் தகுதி இல்லைன்னு மருத்துவ அதிகாரி முடிவு பண்ணினா, அதுக்கான காரணத்தை எழுத்துல தெரிவிக்கணும். 2017 மத்திய விதிகளிலேயே அதுக்குத் தனிப் படிவம் இருக்கு. வாய்வார்த்தையில "போங்க"ன்னு அனுப்பறது முறையே கிடையாது.

காரணம் எழுத்துல இருக்கறது ஏன் இவ்வளவு முக்கியம்? அரசியல்ல இருக்கற நமக்கு ரொம்பப் பொருத்தமான ஒரு வழக்கு இருக்கு. 1977 நாடாளுமன்றத் தேர்தல். பஞ்சாப்ல பெரோஸ்பூர் தொகுதி. அங்கே நடந்த வாக்குப்பதிவைத் தேர்தல் ஆணையம் ரத்து பண்ணி மறுதேர்தல் அறிவிச்சது. மொகிந்தர் சிங் கில் வழக்குன்னு அது உச்ச நீதிமன்றம் போச்சு. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதின தீர்ப்புல ஒரு கோட்பாடு நிலைச்சு நின்னுடுச்சு: ஒரு அதிகாரி போட்ட உத்தரவு சரியா தப்பான்னு அந்த உத்தரவுல எழுதியிருக்கற காரணத்தை வெச்சுத்தான் பார்க்கணும். கோர்ட்டுக்கு வந்த பிறகு பிரமாணப் பத்திரத்துல புதுசா காரணம் சேர்க்கக் கூடாது.

தொகுதியோட தேர்தலுக்குச் சொன்ன அந்தக் கோட்பாடு நம்ம தெருவுல இருக்கற பாட்டியோட 1,500 ரூபாய்க்கும் பொருந்தும். இன்னைக்கு "சதவீதம் பத்தல", நாளைக்கு "பையன் சம்பாதிக்கறான்", அதுக்கடுத்து "ரேஷன் கார்டு சரியில்ல"ன்னு காரணம் மாறிக்கிட்டே போகாம இருக்கணும்னா, முதல் காரணம் காகிதத்துல இருக்கணும்.

எழுத்துல தர மாட்டேங்கறாங்களா? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கு. அந்த அலுவலகத்தோட பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு. 10 ரூபாய்க்கு கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டினா போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழ இருக்கறவர்னா அதுக்கான சான்று வெச்சா அதுவும் வேண்டாம். கேக்க வேண்டியது மூணு: என் மனு மீதான உத்தரவின் நகல், விசாரணை அறிக்கையின் நகல், எந்த விதி அல்லது அரசாணையின் அடிப்படையில் நிராகரிக்கப்பட்டது என்ற விவரம். 30 நாளைக்குள்ள பதில் வரணும். வரலைன்னா அடுத்த 30 நாளைக்குள்ள அதே துறையில முதல் மேல்முறையீடு. "ஏன் கொடுக்கல?"ன்னு கேள்வியா கேக்காதீங்க. நகல் கேளுங்க. நகல் கேட்டாத்தான் நகல் வரும்.

எந்தப் பணம், எந்த ஆபீஸ்?

நம்ம ஆளுங்க அதிகமா சுத்தறது இங்கதான். ஒரே மாதிரி பேர் இருக்கும், ஆனா துறை வேற.

வருவாய்த்துறை கொடுக்கற மாற்றுத்திறனாளி ஓய்வூதியம், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தாசில்தார்கிட்ட இருக்கு. 18 வயசு முடிஞ்சவங்களுக்கு. இதுக்குள்ளேயே ஒன்றிய அரசோட இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியம்னு ஒண்ணு வரும். அதுக்கு வறுமைக்கோட்டுக்குக் கீழ இருக்கணும், 80 சதவீதம் இருக்கணும். 79 வயசு வரைக்கும் அதுல ஒன்றிய அரசோட பங்கு மாசம் 300 ரூபாய். மீதி மாநிலம் போடறது.

பராமரிப்பு உதவித்தொகைங்கறது வேற. அது மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல. அறிவுசார் குறைபாடு உள்ளவங்க, கடுமையா பாதிக்கப்பட்டவங்க, தசைச்சிதைவு நோய் உள்ளவங்க, தொழுநோயால பாதிக்கப்பட்டவங்க போன்ற வகையினருக்கு மாசம் 2,000 ரூபாய்.

தாசில்தார் ஆபீஸ்ல நிராகரிச்ச மனுவுக்கு நல அலுவலகத்துல போய் நின்னா, "இங்க இல்லம்மா"ன்னுதான் சொல்லுவாங்க. அவங்க மேல தப்பு இல்ல. ஒப்புகைச் சீட்டுல எந்தத் துறை பேர் இருக்குன்னு முதல்ல பாருங்க.

மூணு காரணம், மூணு கதவு

நிராகரிப்பு எந்த ஆபீஸ்ல இருந்து வந்தாலும் காரணம் பெரும்பாலும் மூணுல ஒண்ணுதான்.

முதல் காரணம்: "சதவீதம் பத்தல."

சட்டப்படி முக்கியமான கோடு 40 சதவீதம். அதுக்குக் கீழ இருந்தா பெரும்பாலான உதவிகளுக்கு வாசல் மூடிடும். தனித்துவ அடையாள அட்டைக்கு இப்போ நிறம் வேற கொடுத்திருக்காங்க: 40-க்குக் கீழ வெள்ளை, 40-ல் இருந்து 80-க்குள்ள மஞ்சள், 80-ம் அதுக்கு மேலயும் நீலம். வெள்ளை அட்டையைப் பார்த்ததும் நிறைய பேர் அதோட விட்டுடறாங்க.

எங்க வார்டுல ஒரு அண்ணன். லேத் பட்டறையில 20 வருஷம் வேலை. கிரைண்டிங் போடும்போது இரும்புத் துகள் தெறிச்சு ஒரு கண்ணு போச்சு. அதுக்கு நாலு வருஷம் முன்னாடியே பிரஸ் மெஷின்ல வலது கை விரல் போயிருந்தது. கண்ணுக்குச் சான்றிதழ் வாங்கப் போனார், 30 சதவீதம்னு வந்துச்சு. ஒரு கண்ணு நல்லா இருந்து இன்னொரு கண்ணு முழுசா போனா வழிகாட்டி நெறிமுறைப்படி 30-தான். அதுல தப்பு இல்ல. கைக்குத் தனியா இன்னொரு முகாம்ல 20 போட்டாங்க. ரெண்டு இடத்துலயும், "40 இல்லப்பா, ஒண்ணும் வராது"ன்னு அனுப்பிட்டாங்க. விரல் இல்லாத கைக்கும் ஒத்தைக் கண்ணுக்கும் எந்தப் பட்டறையும் வேலை கொடுக்கல. அண்ணி வீட்டு வேலைக்குப் போய்த்தான் குடும்பம் ஓடுச்சு.

அவருக்குத் தேவைப்பட்டது சிபாரிசு இல்ல, ஒரு சூத்திரம். ஒருத்தருக்கு ரெண்டு குறைபாடு இருந்தா ரெண்டையும் சேர்த்து மதிப்பிடணும். மத்திய அரசு அரசிதழ்ல வெளியிட்ட மதிப்பீட்டு நெறிமுறையில அதுக்குக் கணக்கு இருக்கு. பெரிய எண்ணை எடுத்துக்குங்க. 90-ல் இருந்து அதைக் கழிங்க. வர்றதைச் சின்ன எண்ணால பெருக்கி 90-ஆல வகுங்க. அதைப் பெரிய எண்ணோட கூட்டுங்க.

அண்ணனுக்குப் போட்டுப் பார்ப்போம். பெரிய எண் 30. 90-ல் 30 போனா 60. 60-ஐ 20-ஆல பெருக்கினா 1,200. 90-ஆல வகுத்தா 13.3. 30-ஓட கூட்டினா 43.3. கோடு 40. அண்ணன் தாண்டிட்டார்.

இந்த ஒரு பத்திக் கணக்கைத்தான் எழுதி, ரெண்டு சான்றிதழையும் இணைச்சு, கண், எலும்பு ரெண்டு மருத்துவரும் சேர்ந்து பார்க்கணும்னு கேட்டோம். இப்போ அவர்கிட்ட 43 சதவீதச் சான்றிதழ் இருக்கு. ஓய்வூதிய மனு கொடுத்து விசாரணையில இருக்கு. இன்னும் பணம் வரல. ஆனா இனிமே "40 இல்ல"ன்னு யாரும் சொல்ல முடியாது.

உங்க பூத்துல ரெண்டு குறைபாடு உள்ள எத்தனை பேர் இப்படித் தனித்தனியா அளந்து திருப்பி அனுப்பப்பட்டிருக்காங்களோ தெரியல. தேடுங்க.

சதவீதத்துல பிரச்சினைன்னா சட்டத்தோட 59-வது பிரிவு. சான்றளிக்கும் அதிகாரியோட முடிவுல திருப்தி இல்லாதவர் மாநில அரசு நியமிச்ச மேல்முறையீட்டு அதிகாரிகிட்ட போகலாம். அவர் அதைக் கேட்டு முடிவு சொல்லியே ஆகணும். மேல்முறையீட்டு அதிகாரி யாருன்னு சான்றிதழ் கொடுத்த இடத்துலயோ மாவட்ட நல அலுவலகத்துலயோ எழுத்துல கேளுங்க. நாள் கடத்தாதீங்க, உத்தரவு கைக்கு வந்த 30 நாளைக்குள்ள கொடுத்துடறது பாதுகாப்பு.

மருத்துவ வாரியத்துக்கு முன்னாடி போற அன்னைக்கு ஒரு விஷயம். நம்ம ஊர் ஆளுங்க டாக்டரைப் பார்த்ததும், "பரவால்லீங்க சார், சமாளிச்சுக்கறேன்"ம்பாங்க. வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி, வலியைக் கடிச்சுக்கிட்டு நிமிர்ந்து நடந்து காட்டுவாங்க. அது தன்மானம், புரியுது. ஆனா அங்கே அளக்கறது என்ன முடியலைங்கறதை. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். தினசரி வாழ்க்கையில முடியாததை முடியாதுன்னே சொல்லச் சொல்லுங்க.

மனநோய் உள்ளவங்களுக்கு இது இன்னும் முக்கியம். அவங்களை அளக்கற அளவுகோல் நாலு விஷயத்தைப் பார்க்கும்: தன்னைத்தானே பார்த்துக்கறது, மத்தவங்களோட பழகறது, பேசிப் புரிஞ்சுக்கறது, வேலை செய்யறது. அஞ்சு நிமிஷம் அமைதியா உட்கார்ந்திருந்தா "நல்லாத்தானே இருக்கார்"னு தோணிடும். வீட்டுல கூட இருக்கறவங்க கட்டாயம் போகணும், இந்த நாலு தலைப்புல நடந்ததை ஒரு தாள்ல எழுதி எடுத்துட்டுப் போகணும். எத்தனை வருஷமா வைத்தியம்ங்கறதுக்குப் பழைய சீட்டு எல்லாம் வேணும்.

ரெண்டாவது காரணம்: "வசதி இருக்கு", "ஆதரவு இருக்கு."

இது வருவாய்த்துறையில வர்றது. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் அறிக்கையை வெச்சு முடிவு பண்ணுவாங்க. அறிக்கையில என்ன எழுதியிருக்குன்னு மனுதாரருக்குத் தெரியவே தெரியாது. நேர்ல வந்து பார்த்தாங்களா, பக்கத்து வீட்டுல விசாரிச்சுட்டுப் போயிட்டாங்களான்னும் தெரியாது.

அதனால முதல் வேலை தகவல் உரிமை மனு போட்டு அந்த அறிக்கை நகலை எடுக்கறது. நகல் வந்ததும் வரி வரியா பதில் எழுதுங்க. "சொந்த வீடு உள்ளது"ன்னு இருந்தா, அது யார் பேர்ல இருக்குன்னு வீட்டு வரி ரசீது வைங்க. "மகன் ஆதரவில் உள்ளார்"னு இருந்தா, மகன் தனி ரேஷன் கார்டுல இருக்கறதைக் காட்டுங்க. "சொந்தத் தொழில்"னு இருந்தா அந்தப் பெட்டிக்கடை மூடி எத்தனை மாசம் ஆச்சுன்னு சொல்லுங்க. கோபத்தை எழுதாதீங்க, ஆவணத்தை எழுதுங்க.

தாசில்தார் உத்தரவுக்கு மேல வருவாய் கோட்டாட்சியர், சில இடத்துல சார் ஆட்சியர்னு சொல்வாங்க. அவருக்கு மேல மாவட்ட ஆட்சியர். படிப்படியா போங்க.

மூணாவது காரணம்: "ஆவணம் பொருந்தல."

ஆதார்ல செல்வி, ரேஷன் கார்டுல செல்வராணி, அடையாள அட்டையில இனிஷியல் மாறி இருக்கும். பிறந்த தேதி ஒண்ணுக்கொண்ணு வேற. பேங்க் அக்கவுன்ட்ல ஆதார் இணைக்கல. இதுக்கு மேல்முறையீடு போட்டு மாசக்கணக்கா காத்திருக்கறது வீண். எது தப்போ அதைத் திருத்துங்க, இ-சேவை மையத்துல புது மனு போடுங்க, பழைய மனு எண்ணையும் தேதியையும் புது மனுவுல குறிப்பிடுங்க. நாம லேப்டாப் வெச்சிருக்கற ஆளுங்க, இந்த வேலையில நம்மை மிஞ்ச ஆள் இல்ல. படுத்த படுக்கையா இருக்கறவருக்குக் கைரேகை விழல, கண் ரேகை பதியலன்னா, அதையும் எழுத்துல தெரிவிச்சு மாற்று ஏற்பாடு கேளுங்க.

மேல்முறையீட்டு மனு மாதிரி

ரெண்டு பக்கம் எழுத வேண்டாம். அரைப் பக்கம் போதும். இப்படி:

"ஐயா, நான் மேற்கண்ட முகவரியில் வசிக்கிறேன். எனக்கு இடது கண்ணில் முழுப் பார்வை இழப்பும் வலது கையில் விரல் இழப்பும் உள்ளன. (தேதி) அன்று (மனு எண்) மூலம் விண்ணப்பித்தேன். (தேதி) நாளிட்ட உத்தரவில், ஊன அளவு 40 சதவீதத்துக்குக் குறைவு என்ற காரணத்தால் நிராகரிக்கப்பட்டது. இரு குறைபாடுகளும் தனித்தனியே மதிப்பிடப்பட்டுள்ளன. நெறிமுறைப்படி ஒருங்கே கணக்கிடப்படவில்லை. எனவே மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 59-ன் கீழ் இம்மனுவை ஏற்று, மறு மதிப்பீடு செய்து, காரணங்களுடன் கூடிய எழுத்துபூர்வ உத்தரவு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இணைப்பு: 1. நிராகரிப்பு உத்தரவு நகல், 2. சான்றிதழ்கள், 3. மருத்துவப் பதிவுகள்."

வருவாய்த்துறை மனுன்னா 59-வது பிரிவு வராது. அதுக்குப் பதிலா விசாரணை அறிக்கையில எந்த வரி தப்புன்னு எழுதுங்க. எந்த மனுவா இருந்தாலும் நாலு விஷயம் இருக்கணும்: எந்த உத்தரவு, என்ன காரணம், அது ஏன் தப்பு, என்ன வேணும். ஒரிஜினலைக் கையை விட்டுக் கொடுக்காதீங்க, நகல் மட்டும். நேர்ல கொடுத்தா நம்ம பிரதியில சீல், தேதி, கையெழுத்து வாங்குங்க. தபால்னா ஸ்பீடு போஸ்ட் ரசீதை மனுவோட பின் பண்ணி வைங்க.

பதிலே வரலைன்னா?

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துல மக்கள் குறைதீர்க்கும் நாள். அங்கே மனு கொடுக்கறப்போ பழைய மேல்முறையீட்டு நகலையும் ஒப்புகையையும் சேர்த்துக் கொடுங்க. புது மனு மாதிரி கொடுத்தா அது மறுபடி அதே மேசைக்குத்தான் போகும்.

அடுத்து, சென்னையில மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். 2016 சட்டத்தோட 79, 80-வது பிரிவுகள்ல வர்ற பதவி. உரிமை மறுக்கப்பட்டதா புகார் வந்தா விசாரிக்கலாம், சாட்சிகளை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேக்கவும் சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கு இருக்கு. அவர் கொடுக்கறது பரிந்துரைதான். ஆனா அதைப் பெற்ற அதிகாரி மூணு மாசத்துக்குள்ள என்ன நடவடிக்கை எடுத்தார்னு சொல்லணும். ஏத்துக்கலைன்னா, ஏன் ஏத்துக்கலைன்னு காரணம் சொல்லணும். பாருங்க, மறுபடியும் காரணம்.

கடைசிக் கதவு உயர் நீதிமன்றம், சென்னையிலயும் மதுரைக் கிளையிலயும். "வக்கீலுக்குப் பணம்?"னு கேப்பீங்க. சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1987, பிரிவு 12. மாற்றுத்திறனாளிக்கு இலவச சட்ட உதவி உரிமை உண்டு, அந்தப் பிரிவுல அவங்களுக்கு வருமான வரம்பே கிடையாது. மாவட்ட நீதிமன்ற வளாகத்துலயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கு. தேசிய உதவி எண் 15100. இந்த மாதிரி வழக்குல நீதிமன்றம் பல சமயம் கொடுக்கற உத்தரவு, "மனுவைப் பரிசீலிச்சு இத்தனை வாரத்துக்குள்ள முடிவு எடுங்க"ங்கறதுதான். அதுக்கு நீங்க ஏற்கெனவே மனு கொடுத்ததுக்கு ஆதாரம் வேணும். அதுக்குத்தான் ஆரம்பத்துல இருந்தே சீல், தேதின்னு சொல்லிட்டு இருக்கேன்.

நம்ம ஆளுங்களுக்கு நாலு வார்த்தை

ஒண்ணு. புரோக்கரை உள்ளே விடாதீங்க. "பத்தாயிரம் கொடு, 80 போட்டுத் தர்றேன்"னு மருத்துவமனை வாசல்ல ஆள் நிக்கும். ஏமாத்திப் பலன் வாங்கினாலோ வாங்க முயற்சி பண்ணினாலோ 91-வது பிரிவுப்படி ரெண்டு வருஷம் வரைக்கும் சிறை, ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். மாட்டறது புரோக்கர் இல்ல, அந்தக் குடும்பம்.

ரெண்டு. சட்டமன்ற உறுப்பினர் பரிந்துரைக் கடிதம் இருந்தா மனுவோட பின்னாடி வைங்க. மனுவுக்குப் பதிலா அதை வைக்காதீங்க. கடிதம் கொடுத்தவர் பதவி மாறலாம், சீல் போட்ட மேல்முறையீடு மாறாது.

மூணு. மனு கொடுக்கும்போது போட்டோ எடுத்துப் போடறதை நிறுத்துங்க. அடையாள அட்டை எண், ஆதார், நோயோட பேர் எல்லாம் அந்தப் படத்துல தெரியும். ஒருத்தரோட மனநோய்ச் சான்றிதழைப் பூத் குரூப்ல பகிர்ந்தா, அந்த வீட்டுப் பொண்ணுக்கு வரன் பார்க்கறவங்க கைக்கும் அது போகும். நம்ம பக்கத்துல எண்ணிக்கை மட்டும் போடலாம்: இந்த மாசம் எத்தனை மேல்முறையீடு, எத்தனைக்கு உத்தரவு வந்துச்சு. அந்த எண்ணிக்கையே நமக்குப் போதுமான பிரசாரம்.

நாலு. யாருக்கு ஓட்டுப் போட்டாங்கன்னு கேக்காதீங்க. அந்த 16 வீட்டுல எதிர்க்கட்சிக் கொடி பறக்கற வீடும் இருக்கும். அந்த வீட்டு மஞ்சப்பையையும் திறங்க.

இந்த வாரம் என்ன பண்ணணும்?

பூத் வாரியா ஒரு ஷீட் அனுப்பறோம். அதுல நாலு கட்டம்தான்: மனு எந்தத் துறை, நிராகரிச்ச தேதி, எழுத்துல காரணம் இருக்கா, எந்தக் கதவு. பேரும் போன் நம்பரும் ஷீட்ல வேண்டாம், அது உங்க நோட்டுப் புத்தகத்துல மட்டும் இருக்கட்டும். அடுத்த ஞாயிறு வர்றதுக்குள்ள ஆளுக்கு மூணு வீடு. பெரிய வேலை இல்ல, ஒரு சாயங்காலம் போதும்.

வீட்டுக்குப் போனதும் திட்டம் பத்தியெல்லாம் பேச ஆரம்பிக்காதீங்க. உட்காருங்க, அவங்க கொடுக்கற டீயைக் குடிங்க, அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "அம்மா, முன்னாடி மனு போட்டீங்களே, அந்தக் காகிதம் எல்லாம் பத்திரமா இருக்கா? கொஞ்சம் பார்க்கலாமா?"

சந்தேகம் இருந்தா கீழே கமென்ட்ல கேளுங்க. ஆனா யாரோட அட்டைப் படத்தையும் கமென்ட்ல போடாதீங்க, இன்பாக்ஸ்லயும் எண்ணை மறைச்சு அனுப்புங்க. அணித் தோழர்கள் பதில் சொல்வாங்க.



#காரணத்தைஎழுத்தில்கொடு #மேல்முறையீடுநம்உரிமை